முன்னச்சின் சத்தம்: புதுக்கோட்டைச் சாலைகளும் வண்டிப் பழுதும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் வண்டியின் முன்பக்கச் சத்தத்துக்கு வரலாறு எழுதினால் மண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும். மேற்கே நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல் பக்கம் கருங்கல் பாறை. ஆலங்குடி, கந்தர்வகோட்டை பக்கம் செம்புராங்கல் பூமி. தென்கிழக்கே மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் வரை கடலோர மணல். செம்புராங்கல் சரளை போட்ட பாதை வெயிலில் இறுகும், மழையில் கரையும், வண்டிகள் ஓட ஓடத் தகரக் கூரைபோல வரிவரியாக மடிந்துவிடும். ஆயிரக்கணக்கான கண்மாய்கள் உள்ள மாவட்டம் இது. கிராமப் பாதைகள் பல கண்மாய்க் கரைமேலேயே போகின்றன. கண்மாயின் உபரிநீர் வழியும் கலுங்கு வருமிடத்தில் பாதை சட்டென்று இறங்கி ஏறும். சரளை வரி ஓயாத நடுக்கத்தைக் கொடுக்கிறது, கலுங்கு இறக்கம் ஒரே அடியாக அடிக்கிறது. இரண்டையும் முதலில் வாங்குவது முன்சக்கரம்.

மோட்டார் வருமுன் இந்த அடியை வாங்கியது கட்டை வண்டி. அதற்கு வில் கிடையாது. பாரம் முழுவதும் பார் வழியாக நேரே அச்சில் இறங்கும். ஆனாலும் அதன் சத்தங்களைப் பிரித்தறியும் கலை முழுமையாக வளர்ந்திருந்தது. சக்கரத்தின் நடுக்குடம் அச்சின்மேல் பக்கவாட்டில் சற்றே நகர இடம் விட்டிருப்பார்கள். ஓடும்போது குடம் ஒருமுறை உள்பக்கமும் மறுமுறை கடையாணிப் பக்கமும் மோத, ‘கடக், கடக்’ என்ற தாளம் எழும். அது நல்ல வண்டியின் சத்தம். நீண்ட ‘கிறீச்’ கேட்டால் அச்சில் வண்டி மை தீர்ந்துவிட்டது என்று பொருள். வைக்கோலைச் சுட்ட கரியை எண்ணெயில் குழைத்த அந்த மைதான் அக்காலத்து மசகு. கோடையில் மரம் காய்ந்து சுருங்க, ஆரக்கால்கள் குடத்திலும் வட்டையிலும் தளர்ந்து நெறுநெறுக்கும். அப்போது சக்கரத்தைக் கண்மாய்த் தண்ணீரில் ஊறவைப்பார்கள். மரம் ஊதிப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் இரும்புப் பட்டாவைக் கழற்றி, எருவாட்டி நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, மறுபடி மாட்டித் தண்ணீர் ஊற்ற வேண்டும். மரத்தின் சத்தம் தச்சருக்கு, இரும்பின் சத்தம் கொல்லருக்கு. எந்தப் பட்டறைக்கு ஓட்டுவது என்பதை வண்டிக்காரர் காதாலேயே தீர்மானித்தார். சத்தம் எப்போது வருகிறது, எந்தத் தாளத்தில் வருகிறது, பாரம் ஏற்றினால் கூடுகிறதா குறைகிறதா என்ற அவருடைய கேள்விகள் இன்றைய மெக்கானிக்குக்கும் அப்படியே பொருந்துகின்றன.

வில்வண்டி இந்தக் கணக்கில் ஒரு புதிய உறுப்பைச் சேர்த்தது. அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வில்போல வளைத்து வைத்ததால்தான் அந்தப் பெயர். அடுக்குப் பட்டை வில்லை வண்டிக்குப் பொருத்தும் முறைக்கு ஒபதையா எலியட் என்ற ஆங்கிலேயர் 1804இல் காப்புரிமை பெற்றார். ஐரோப்பியக் குதிரை வண்டிகளோடு பரவிய அந்த அமைப்பு இங்கே மாட்டு வண்டியின்மேல் ஏறியது. வில்லின் குணம் இரட்டையானது. வளையும்போது பட்டைகள் ஒன்றோடொன்று உராய்கின்றன. அந்த உராய்வே துள்ளலை அடக்குகிறது, அதே உராய்வே சத்தமும் போடுகிறது. எண்ணெய் அதிகம் விட்டால் சத்தம் ஓய்ந்து துள்ளல் கூடும். பட்டை வில் உள்ள எந்த வண்டியிலும் இந்தச் சிக்கல் அப்படியே தொடர்ந்தது.

வில்வண்டி ஓடச் சாலை வேண்டும். அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அதற்கு வழி செய்தவர்களில் முதன்மையானவர் 1878 முதல் 1894 வரை நிர்வாகத்தை நடத்திய திவான் அ. சேஷையா சாஸ்திரி. நேர்கோட்டில் ஒன்றையொன்று வெட்டும் புதுக்கோட்டை நகரின் அகலத் தெருக்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்கின்றன. ராயவரம், அரிமளம், கோனாப்பட்டு, நச்சாந்துபட்டி போன்ற நகரத்தார் ஊர்களில் வில்வண்டி வசதியின் அடையாளமாக இருந்தது.

பிறகு மோட்டார் வந்தது. 1911இல் மதுரையில் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்கார் நிறுவனத்தின் ஆரம்பப் பேருந்துத் தடங்களில் ஒன்றாகத் தஞ்சாவூர்–புதுக்கோட்டை வழி சொல்லப்படுகிறது. மாட்டு லாடத்திலிருந்து விழும் ஆணிகள் பேருந்து டயரைக் குத்தாமலிருக்க, காந்தம் பொருத்திய வண்டியை அந்நிறுவனம் சாலையில் முன்னே ஓடவிட்ட கதை தென்மாவட்டங்களில் பலர் அறிந்தது. பழைய வண்டியின் கழிவு புதிய வண்டியின் பழுதாக மாறிய காலத்தை அந்தக் கதை நன்றாகக் காட்டுகிறது. ரயில் வந்தது அதற்குப் பின்தான்: திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929இல், அங்கிருந்து மானாமதுரைக்கு 1930இல்.

சாலையே இல்லாத இடத்துக்கும் போகும் மோட்டார் வண்டி, இந்தியா சுதந்திரம் பெற்ற காலத்தை ஒட்டிப் பரவியது. அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்து மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. 1952 அக்டோபர் 2இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கி, பின்னர் பஞ்சாயத்து யூனியன்கள் அமைந்தபோது, கிராமம் அறிந்த முதல் அரசு வண்டி வட்டார வளர்ச்சி அலுவலரின் (பி.டி.ஓ.) ஜீப்பாக இருந்தது. 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டம் உருவாகி, தஞ்சை மாவட்டத்திலிருந்த அறந்தாங்கிப் பகுதியும் சேர்ந்தபோது, இந்த ஜீப்புகள் கடற்கரை மணல் வரை ஓடின.

ஜீப்பின் முன்பக்கத்தைச் சற்று நின்று பார்க்கலாம். பட்டறை அறிவு வளர்ந்த இடம் அது. இரு சக்கரங்களையும் இணைக்கும் முன்னச்சு வளையாத ஒரே உருக்கு அமைப்பு. அதைத் தாங்குபவை பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பட்டை வில்கள். வில் வளையும்போது அதன் நீளம் மாறும். அதற்கு இடம் கொடுக்க ஒரு முனையை ஷேக்கிள் என்ற ஆடும் இணைப்பில் தொங்கவிட்டிருப்பார்கள். பழைய ஜீப்பின் ஷேக்கிள் ‘யு’ வடிவம், அதன் கால்களில் மரை வெட்டிய புஷ்கள். சிலவற்றுக்கு வலமரை, சிலவற்றுக்கு இடமரை. இது தெரியாமல் மாற்றிப் போட முயன்றால் மரை கெடும். இறுக முறுக்கிவிட்டால் ஷேக்கிள் அசைய இடமின்றிக் கிறீச்சிடும், தளர விட்டால் கலுங்கு இறக்கத்தில் ‘டணார்’ என்று அடிக்கும். கிரீஸ் கன்னால் நிப்பிள் வழியே கிரீஸ் அடிப்பது தவறினால் செம்புழுதியே அரமாகிவிடும்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் ‘கடக்’ என்றால் கண் போக வேண்டிய இடம் வில்லை அச்சோடு கட்டும் யு-போல்ட். அது தளர்ந்தால் பட்டைகளைக் கோக்கும் சென்டர் போல்ட்டே எல்லா விசையையும் தாங்கும். அது முறிந்தால் அச்சு ஒரு பக்கம் பின்வாங்கி, வண்டி நேராக ஓடாது. ஸ்டீயரிங் ஆட்டத்தோடு சேர்ந்து வரும் சத்தத்துக்கு வேறு இரண்டு ஊற்றுகள்: முன்சட்டத்தின் நடுவில் ஒரு ஊசியில் திரும்பும் பெல் கிராங்க், சக்கரத்தைத் திருப்பும் கிங்பின் பேரிங். கிங்பின் தளர்வை மெல்லிய ஷிம் தகடுகளைக் குறைத்துச் சரிசெய்யலாம். பெல் கிராங்க் தேய்ந்தால் புஷ் கடைய வேண்டும். உதிரிபாகம் எளிதில் கிடைக்காத அந்நாளில் லேத் பட்டறைகளில் கன்மெட்டல் உருளையைக் கடைந்து புஷ் செய்தார்கள். அந்தக் கடைசல்காரர்கள் இல்லையென்றால் பல ஜீப்புகள் ஆலமரத்தடியிலேயே நின்றுபோயிருக்கும். சென்னையில் 1929இல் வணிக நிறுவனமாகத் தொடங்கிய ரானே, பின்னர் ஸ்டீயரிங் இணைப்புகளை உற்பத்தி செய்ததும் நிலைமை மெல்ல மாறியது. முறிந்த வில் பட்டைகளும் வீணாகவில்லை. அந்த எஃகு கொல்லுப்பட்டறையில் அரிவாளானது. லாரிப் பட்டையில் அடித்த அரிவாளுக்கு இன்றும் தனி மதிப்பு.

2000இல் வந்த பொலிரோ, அதன்பின் வந்த தார் போன்ற வண்டிகளில் முன்னச்சின் இடத்தைத் தனித்தனியே அசையும் கைகள் பிடித்தன. மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், அவற்றின் நுனியில் பால் ஜாயிண்ட், சட்டத்தோடு சேருமிடத்தில் ரப்பர் புஷ், வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பி. இக்கம்பியைப் பட்டறையில் ஜம்பிங் ராடு என்பார்கள். பயணம் சொகுசானது. கூடவே, சத்தம் பிறக்கும் மூட்டுகளின் எண்ணிக்கையும் கூடியது.

ஆகவே ஒழுங்கான தேடல் முன்னைவிட அவசியமாயிற்று. சிறு பள்ளங்களில் ‘டொக் டொக்’ என்றால் பெரும்பாலும் ஜம்பிங் ராடின் லிங்க் அல்லது புஷ். மெதுவாக ஏறி இறங்கும்போது கிறீச்சிட்டால் காய்ந்த ரப்பர். சந்தேகமான புஷ்ஷில் தண்ணீர் தெளித்ததும் சத்தம் சற்று நேரம் நின்றால் ஆள் அகப்பட்டது. எண்ணெய் ஊற்றக் கூடாது, ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். அடுத்து ஜாக்கி. ஸ்பிரிங் கீழ் ஆர்மில் அமரும் வண்டியில் அந்த ஆர்முக்கு அடியிலேயே ஜாக்கி வைக்க வேண்டும். அப்போதுதான் பால் ஜாயிண்டின் மேலுள்ள அழுத்தம் நீங்கித் தேய்மானம் வெளிப்படும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தளர்வு தெரிந்தால் பால் ஜாயிண்ட் அல்லது பேரிங், இடமும் வலமும் ஆட்டும்போது தெரிந்தால் ஸ்டீயரிங்கின் டை ராடு முனை. மேல்கீழ் ஆட்டத்தை ஒருவர் பிரேக்கை மிதித்தபடி மறுபடி சோதிப்பது நல்ல உத்தி: ஆட்டம் மறைந்தால் பேரிங், நீடித்தால் பால் ஜாயிண்ட். சட்டத்தின் வழியே சத்தம் பக்கம் மாறிக் கேட்கும் என்பதால், ஒருவர் வண்டியை அசைக்க மற்றவர் ஒவ்வொரு மூட்டின்மீதும் கை வைத்து அதிர்வை உணர்வதே நம்பகமான வழி.

புது புஷ் போட்ட பிறகு நடக்கும் தவறு ஒன்று பலரை அலைக்கழிக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் ஆர்ம் போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் புஷ்ஷின் ரப்பர் எப்போதும் முறுகியே நிற்கும். கொஞ்ச நாளில் கிழிந்து பழைய சத்தமே திரும்பும். போல்ட்டை விரலிறுக்கமாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு மூன்று முறை அமுக்கி அமரவிட்டு, பாரம் சக்கரத்தின்மேல் இருக்கும்போதே கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். பிறகு சத்தம் கேட்ட அதே சரளைப் பாதையில், அதே வேகத்தில், அதே பாரத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும்.