காந்தாரிடின்: கொப்புள வண்டின் நஞ்சு மருந்தான வரலாறு

காந்தாரிடின் என்பது கொப்புள வண்டுகளின் உடலில் உண்டாகும் நச்சு வேதிப்பொருள் ஆகும். இது தோலில் பட்டால் சில மணி நேரத்தில் நீர்க்கொப்புளம் எழும். ஆண் வண்டு இதை உருவாக்கி, இணைசேரும்போது பெண் வண்டுக்கு அளிக்கிறது. பெண் வண்டு இடும் முட்டைகளுக்கும் இந்நஞ்சே காவலாக அமைகிறது.

பழைய மருத்துவம்

ஐரோப்பாவில் காணப்படும் பச்சை நிறக் கொப்புள வண்டுக்கு 'ஸ்பானிய ஈ' என்று பெயர். பண்டைய கிரேக்க மருத்துவர்கள் இத்தகைய வண்டுகளை உலர்த்திப் பொடித்துப் பயன்படுத்தினர். உடலில் சேரும் கெட்ட நீரே நோய்க்குக் காரணம் என்றும், கொப்புளம் எழுப்பினால் அது வெளியேறும் என்றும் பிற்கால ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பினர். அதனால் பல நோய்களுக்கும் வண்டுப்பொடி கலந்த பற்றுப் போட்டனர். 1799 டிசம்பரில் தொண்டை நோயால் மூச்சுத் திணறிய ஜார்ஜ் வாஷிங்டனின் தொண்டையிலும் இப்பற்று இடப்பட்டது. பயன் ஏதுமில்லை, அன்றிரவே அவர் காலமானார்.

உயிரைப் பறித்த நம்பிக்கை

வண்டுப்பொடி காம உணர்வைத் தூண்டும் என்ற நம்பிக்கையும் பரவியிருந்தது. உண்மையில், உட்கொண்ட நஞ்சு சிறுநீரில் வெளியேறும்போது சிறுநீர்ப்பாதையைப் புண்ணாக்குகிறது. அந்த எரிச்சலே கிளர்ச்சி என்று தவறாகக் கருதப்பட்டது. சில பத்து மில்லிகிராம் உட்கொண்டாலே சிறுநீரகம் பழுதாகி உயிர் போகலாம். இதற்கு முறிவு மருந்து இல்லை. 1954இல் லண்டனில் ஒருவர் இனிப்பில் காந்தாரிடினைக் கலந்து கொடுத்ததால் இரு பெண்கள் இறந்தனர்.

மீண்டும் மருந்தாக

1810இல் பிரெஞ்சு வேதியியலாளர் பியர் ரொபிக்கே இந்நஞ்சை வண்டிலிருந்து தூய நிலையில் பிரித்தெடுத்தார். பொடியில் நஞ்சு எவ்வளவு உள்ளது என்று அறியாமல் கொடுத்த நிலை மாற இது வழிவகுத்தது. காந்தாரிடின் மேல்தோல் செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் பிணைப்புகளை அறுக்கிறது. கொப்புளம் மேல்தோலுக்குள்ளேயே எழுவதால் பொதுவாகத் தழும்பு ஏற்படுவதில்லை. எனவே 1950களில் தோல் மருத்துவர்கள் இதனைப் பாலுண்ணிகளை நீக்கப் பயன்படுத்தினர்.

மருந்தின் பயனை ஆய்வால் மெய்ப்பிக்க வேண்டும் என்று 1962இல் அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டது. தயாரிப்பாளர்கள் உரிய சான்று அளிக்காததால் காந்தாரிடின் அனுமதியை இழந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பின், முறையான ஆய்வுகளின் அடிப்படையில், 0.7 விழுக்காடு காந்தாரிடின் கரைசலுக்கு 2023 ஜூலையில் அங்கு அனுமதி கிடைத்தது. மொலஸ்கம் என்னும் தொற்றுத் தோல் கட்டிகளுக்கு, இரண்டு வயது நிரம்பியவர்கள் முதல் இது பயன்படுகிறது. மருத்துவப் பணியாளரே கட்டியின் மேல் மட்டும் தடவுவார். 24 மணி நேரத்தில் கழுவிவிட வேண்டும். வீட்டில் தாமாகப் பூசிக்கொள்வதும் உட்கொள்வதும் இன்றும் ஆபத்தானவையே.