வாடகை மகிழுந்து ஓட்டுநரும் வருமான வரியும்

சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டுபவர், வருமான வரிச் சட்டப்படி தொழில் நடத்துபவர் ஆவார். அவருக்குச் சம்பளச் சீட்டு இல்லை. வருமானம் இவ்வளவு என்று சான்று தர முதலாளியும் இல்லை. அத்தகையவரின் வருமானத்தை அரசு எவ்வாறு கணக்கிடுவது என்ற கேள்வி 1860 முதல் இருந்து வருகிறது.

தொடக்கம்

1857 கிளர்ச்சிக்குப் பின் ஏற்பட்ட பணமுடையைத் தீர்க்க, ஜேம்ஸ் வில்சன் 1860-இல் இந்தியாவில் வருமான வரியைக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 200 ரூபாய் ஈட்டியவரும் இதற்கு உட்பட்டனர். சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் இதை வெளிப்படையாக எதிர்த்ததால் திரும்ப அழைக்கப்பட்டார். 1865-இல் கைவிடப்பட்ட இவ்வரியை, 1886-ஆம் ஆண்டுச் சட்டம் நிலையாக்கியது. வேளாண் வருமானத்துக்கு அச்சட்டம் விலக்கு அளித்தது. அவ்விலக்கு இன்றும் தொடர்கிறது. ஆகவே கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சங்கராபுரத்தில் நெல்லும் கரும்பும் விற்று வரும் வருமானத்துக்கு வரி இல்லை. அதே குடும்பத்தில் ஒருவர் மகிழுந்து வாங்கிச் சென்னையில் ஓட்டினால், அந்த வருமானத்துக்கு விலக்கு இல்லை.

உத்தேசக் கணக்கு

டீசல், பழுதுபார்ப்பு, கடன் வட்டி என ஒவ்வொன்றுக்கும் கணக்கேடு வைப்பது சிறு தொழிலாளிக்குக் கடினம். இதனால் 1994-இல் சேர்க்கப்பட்ட 44ஏஇ பிரிவு, பத்துக்கு மேற்படாத சரக்கு ஊர்திகள் வைத்திருப்போருக்கு ஊர்திக்கு இவ்வளவு என வருமானத்தை நிர்ணயித்தது. பயணியர் ஊர்திகள் அதில் இல்லை. 2010-11 நிதியாண்டு முதல் விரிவாக்கப்பட்ட 44ஏடி பிரிவு அவர்களுக்கும் வழி திறந்தது. இதன்படி மொத்த வரவில் குறைந்தது 8 விழுக்காடு வருமானமாகக் கொள்ளப்படும். வங்கி அல்லது மின்னணு வழியில் வந்த தொகைக்கு இது 6 விழுக்காடு. உண்மை வருமானம் அதிகமெனில் அதையே காட்ட வேண்டும்.

செயலிகளின் காலம்

ஓலா 2010-இல் தொடங்கப்பட்டது. ஊபர் 2013-இல் இந்தியாவுக்கு வந்தது. அதன்பின் ஒவ்வொரு சவாரியின் கட்டணமும் நிறுவனக் கணினியில் பதிவாயிற்று. 2020 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்த 194-ஓ பிரிவு, இத்தகைய நிறுவனங்கள் மொத்தக் கட்டணத்தில் 1 விழுக்காட்டை வரியாகப் பிடிக்க வகை செய்தது. 2024 அக்டோபர் முதல் இது 0.1 விழுக்காடானது. பான் எண் கொடுத்த தனிநபரின் ஆண்டு வரவு 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் பிடித்தம் இல்லை.

எடுத்துக்காட்டாக, 2022-23-இல் ஒருவரின் மொத்தக் கட்டணம் 7,20,000 ரூபாய். செலவு போக மிஞ்சியது 2,40,000 ரூபாய் என்க. பிடித்தம் 7,200 ரூபாய். அப்போதைய வரம்பு 2,50,000 ரூபாய் என்பதால் அவர் கட்ட வேண்டிய வரி ஏதுமில்லை. ஆனால் ‘சுகம்’ எனப்படும் ஐடிஆர்-4 படிவத்தைத் தாக்கல் செய்தால்தான் அந்த 7,200 ரூபாய் திரும்பக் கிடைக்கும். வரி மொத்தக் கட்டணத்தில் பிடிக்கப்படுகிறது. ஆனால் கட்ட வேண்டியதோ மிஞ்சிய வருமானத்துக்குத்தான். இந்த வேறுபாட்டை அறியாதவர் தம் பணத்தை அரசிடமே விட்டுவிடுகிறார்.

1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரிவு எண்கள் மாறினாலும் உத்தேசக் கணக்கு முறை அதிலும் தொடர்கிறது.