பழக்கும் ஓட்டத்திலிருந்து சுமைச் சோதனைக்கு: ஓவர்ஹால் முடிந்த டீசல் இஞ்சினின் முதல் மணிநேரங்கள்

ஓவர்ஹால் முடிந்த டீசல் இஞ்சினை முதலில் நெடுநேரம் ஐடிலிங்கில், சுமை ஏற்றாமல் ஓட்டிப் பழக்க வேண்டும் என்ற நம்பிக்கை நம் பணிமனைகளில் இன்னும் வலுவாக இருக்கிறது. சொரசொரப்பாகக் கடையப்பட்ட பழைய லைனர்களுக்கு அந்தப் பொறுமை தேவைப்பட்டது. இன்றைய லைனருக்கும் ரிங்குக்கும் அது கெடுதல் செய்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சுமை ஏற்றிச் சோதிப்பது புதிதல்ல; நின்ற இடத்தில் இஞ்சினுக்குச் சுமை கொடுக்கும் கருவி டீசல் இஞ்சினுக்கும் முந்தியது. பிரான்சில் கஸ்பார் த ப்ரோனி 1821இல், சுழலும் உருளையை மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடித்து ஆற்றலை அளந்தார். அந்த உராய்வு பெரும் சூட்டைக் கிளப்பும். 1877இல் வில்லியம் ஃப்ரூட் கப்பல் இஞ்சின்களுக்காக வடிவமைத்த பிரேக்கில், தண்ணீரே சுமையைத் தாங்கியது, சூட்டையும் கொண்டுபோனது. பெரிய இஞ்சினை மணிக்கணக்கில் சுமையில் வைக்க அதன்பின் வழி பிறந்தது. 1897 பிப்ரவரி 17 அன்று அவுக்ஸ்பர்க்கில் ருடால்ஃப் டீசலின் இஞ்சினைப் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் சோதித்தார்; செயல்திறன் சுமார் 26 விழுக்காடு என்று கண்டார். இஞ்சின் எவ்வளவு வேலை செய்கிறது, எவ்வளவு எண்ணெய் எரிக்கிறது என்பவைதான் அங்கே கேள்விகள்.

ரிங்கும் லைனரும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பதைப் பேச வேறொரு அளவுகோல் தேவைப்பட்டது. 1933இல் அமெரிக்காவில் அப்பாட், ஃபயர்ஸ்டோன் இருவரும் ஓர் உலோகப் பரப்பில் எந்த ஆழத்தில் எவ்வளவு பகுதி சுமை தாங்கும் என்பதை ஒரே வளைகோட்டில் காட்டினர். மேட்டு முனைகள் முதலில் தேயும், பள்ளங்கள் ஆயிலைப் பிடித்து வைக்கும். பின்னாளில் வந்த பிளாட்டோ ஹோனிங், அந்த முனைகளை ஹோனிங் கல்லாலேயே சீவி, குறுக்கும் நெடுக்குமான பள்ளக் கோடுகளை மட்டும் விட்டுவைக்கிறது. முன்பு இஞ்சின் பல மணிநேரம் ஓடிச் செய்த தேய்ப்பில் பெரும்பகுதி, லைனர் பொருத்தப்படும் முன்பே முடிந்துவிடுகிறது.

ஓவர்ஹாலுக்குப் பிந்தைய சோதனை எவ்வளவு ஆபத்தானது என்பதை 1947 உணர்த்தியது. போர்ப்பணி முடிந்து பெல்ஃபாஸ்ட்டில் புதுப்பிக்கப்பட்ட ‘ரெய்னா டெல் பசிஃபிகோ’ கப்பல், செப்டம்பர் 11 அன்று கடலோட்டச் சோதனையில் இருந்தது. ஓர் இஞ்சினில் ஒரு பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடேறியது. சூட்டில் ஆவியான ஆயில், குளிர்ந்த பகுதியில் மூடுபனியாகி, மீண்டும் சூடான இடத்தைத் தொட்டுத் தீப்பற்றியது. நான்கு இஞ்சின்களின் கிராங்க் கேஸ்களும் வெடித்தன. 28 பேர் மாண்டனர். பழுதுபார்த்த பொருள்மீது வைக்கும் நம்பிக்கைக்கு இதைவிடக் கொடிய பதில் இருக்க முடியாது. அழுத்தம் வெளியேறும் கதவுகளும், ஆயில் மூடுபனியைக் கண்டறியும் கருவிகளும் பெரிய கப்பல் இஞ்சின்களில் நிலைபெற இந்த விபத்து முக்கியக் காரணம். சந்தேகம் வந்தால் இஞ்சினை நிறுத்து, ஆனால் கிராங்க் கேஸ் கதவை உடனே திறக்காதே என்ற விதியின் அடிப்படையும் இதுவே: உள்ளே புகும் காற்று அந்த ஆயில் பனியை வெடிக்கும் கலவையாக்கிவிடும்.

எச்சரிக்கை தேவை என்றால் சுமையைத் தவிர்க்கலாமா? கூடாது. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த இழுவிசை மட்டுமல்ல. எரிப்பில் உருவாகும் வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து தள்ளுவதுதான் பெரும்பங்கு. சுமை இல்லாதபோது அந்த அழுத்தம் குறைகிறது. ரிங் செட் ஆகாமல், நழுவும் ஆயில் லைனரில் கருகிப் படிந்து ஹோனிங் கோடுகளை மூடிப் பளபளப்பாக்கிவிடும். அப்புறம் வண்டி ஆயில் குடிக்கும், பிரீதரில் புகை தள்ளும். அந்தப் பளபளப்பைப் போக்க மறுபடி பிரித்து ஹோனிங் போடுவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை.

எச்சரிக்கையோடு சுமை ஏற்றுவதில் ரயில்வே நல்ல முன்மாதிரி. 1960களில் இந்தியாவுக்கு வந்த ஆல்கோ டபிள்யூடிஎம்-2 லோகோவின் 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன் இஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்றுவதால், அந்த மின்சாரத்தை லோடு பாக்ஸ் என்ற மின்தடைப் பெட்டியில் எரித்தே சுமை ஏற்றலாம். நாட்ச் நாட்ச்சாக எட்டுவரை உயர்த்துவார்கள். இடையிடையே நிறுத்தி, ஆறவிட்டு, கதவைத் திறந்து ஒவ்வொரு பேரிங்கையும் கையால் தொட்டுச் சூடு பார்ப்பார்கள். பொன்மலைப் பணிமனை போன்ற இடங்களில் வளர்ந்த பழக்கம் இது. லாரி மெக்கானிக்கிடம் லோடு பாக்ஸ் இல்லை. ஆயில் அழுத்தமும் தண்ணீர்ச் சூடும் சரியாக இருப்பதைப் பார்த்தபின், ஐடிலிங்கில் விடாமல், மிதமான பாரத்தோடு சாலையில் இறக்கி, வேகத்தையும் சுமையையும் மாற்றி மாற்றி ஓட்டுவதே அவரால் செய்யக்கூடிய சுமைச் சோதனை.