அஞ்சு வயசு வரைக்கும் பேசாத பிள்ளை: குமரகுருபரரும் நம்ம ஊர் மைல்கல் கணக்கும்

இன்னைக்குக் கொஞ்சம் தெக்கத்திப் பக்கம் போவோம்.

திருநெல்வேலியில இருந்து சங்கரன்கோவில் போற ரோட்டுல பனவடலிசத்திரம்னு ஒரு ஊர் இருக்கு. இளம் பனைக்கு எங்க பக்கம் 'வடலி'ன்னு பேரு. ஆக ஊர்ப் பேருலேயே ஒரு குழந்தை மரம் நிக்குது. இந்த ஊரை நடுவுல வச்சுக்கோங்க. வடக்கே போனா ஸ்ரீவில்லிபுத்தூர். தெற்கே போய் தாமிரபரணியோட இறங்கினா ஸ்ரீவைகுண்டம். பிள்ளை எப்போ தலை தூக்கும், எப்போ கை தட்டும், எப்போ நடந்து வரும்னு தமிழ்ல பாடினவங்கள்ல ரெண்டு பெரிய ஆட்கள் இந்த ரெண்டு ஊர்க்காரங்கதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் பெரியாழ்வார். சுமார் 9-ஆம் நூற்றாண்டு. கண்ணனைக் கைக்குழந்தையா வச்சு தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி, தளர்நடைன்னு வரிசையா பாடினார். அதுக்கப்புறம் 12-ஆம் நூற்றாண்டுல ஒட்டக்கூத்தர் சோழ ராஜா இரண்டாம் குலோத்துங்கன் மேல பாடினதுதான் இன்னைக்கு முழுசா கிடைக்கிற பழைய பிள்ளைத்தமிழ். பத்துப் பருவம், பருவத்துக்குப் பத்துப் பாட்டு. பாட்டியல் நூல்கள் இதுக்கு மாசக் கணக்கே கொடுத்திருக்கு: மூணாம் மாசத்துல தொடங்கி இருபத்தொண்ணாம் மாசம் வரைக்கும், ஒற்றைப்படை மாசத்துக்கு ஒரு பருவம். நூலுக்கு நூல் மாசம் கொஞ்சம் முன்னப்பின்ன வரும். ஆனா வரிசை பெரும்பாலும் மாறாது.

இப்போ இதை ஒரு டாக்டர் கண்ணால பாருங்க. செங்கீரை அஞ்சாம் மாசம்: கையை ஊன்றி, தலையை நிமிர்த்தி, காத்துல கீரைச் செடி அசையுற மாதிரி பிள்ளை ஆடும். கழுத்து நின்னாச்சு, கைக்குப் பலம் வந்தாச்சுன்னு அர்த்தம். சப்பாணி ஒன்பதாம் மாசம்: உட்கார்ந்து ரெண்டு கையையும் சேர்த்துத் தட்டும். வாரானை ஒரு வயசை ஒட்டி: தளர்நடை போட்டு வரும். ரொம்பப் பெரிய அளவுல பிசகாத அட்டவணை.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அம்புலிதான். அம்மா நிலாவைக் காட்டுறா. பிள்ளை அவ விரலைப் பார்க்காம விரல் காட்டுற திசையைப் பார்க்குது. சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா ஆட்டிசத்துக்கான முதல் கட்டச் சோதனையா உலகம் முழுக்கப் பயன்படுற 'எம்-சாட்' கேள்வித்தாள்ல முதல் கேள்வியே இதுதான்: நீங்க தூரத்துல ஒண்ணைக் காட்டினா பிள்ளை அங்க பார்க்குதா? அந்தக் கேள்வித்தாள் 16 மாசத்துல இருந்து 30 மாசம் வரைக்கும். அம்புலிக்கு நம்மாளுங்க சொன்னது ஒரு கணக்குல பதினஞ்சாம் மாசம், இன்னொரு கணக்குல பதினெட்டு.

சரி, ஸ்ரீவைகுண்டம். 17-ஆம் நூற்றாண்டு. சண்முக சிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரிக்கும் ஒரு ஆண் பிள்ளை. அஞ்சு வயசு ஆகியும் பேச்சு வரல. அப்பா, அம்மா திருச்செந்தூர் போய் விரதம் இருந்தாங்க. முருகன் அருளால பிள்ளை வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினான் என்பது வரலாறு சொல்ற கதை. அந்தப் பிள்ளைதான் குமரகுருபரர். பின்னாடி மதுரையில திருமலை நாயக்கர் காலத்துல மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடினார். யோசிச்சுப் பாருங்க. தமிழ்ல ரொம்பப் புகழ்பெற்ற மைல்கல் அட்டவணையை எழுதினவரே தன்னோட மைல்கல்லைத் தவறவிட்டவர்.

இந்தக் கதையோட உண்மை, பொய்யை இங்க நான் விசாரிக்கப் போறதில்லை. இது வீட்டுல என்ன வேலை செய்யுதுங்கறதுதான் என் கவலை. "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்", "அவுக அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாக" வரிசையில இதுவும் ஒரு ஆறுதல். ஆறுதல் முழுக்கத் தப்பும் இல்ல; ரெண்டு வயசுல பேச்சு பின்தங்கின பிள்ளைகள்ல நிறைய பேர் அப்புறம் சரியாயிடுறாங்க. பிரச்சினை என்னன்னா, யார் சரியாவாங்கன்னு வீட்டுல உட்கார்ந்து பார்த்தா தெரியாது. பேசின பிள்ளைக்குக் கதை கிடைச்சது. பேசாமலே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தலபுராணம் கிடையாது. அந்தப் பக்கத்து டேட்டா நம்ம கையில வரவே இல்ல.

பிள்ளைத்தமிழ்லயும் அதே குறைதான். ஆடு, தட்டு, வா, முத்தம் தான்னு கூப்பிடுற பாட்டு அது. பாட்டுடைத் தலைவர் சாமியோ ராஜாவோ, கூப்பிட்டா வந்துடுவார். கூப்பிட்டும் வரலைன்னா என்னன்னு அதுல இடமே இல்ல.

'இன்னும் செய்யல'ங்கறது ஒரு தகவல்னு ஆனது ரொம்பப் பிந்தி. 1911-ல அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல ஆர்னால்ட் கெசல் ஒரு கிளினிக் தொடங்கினார். அப்புறம் குழந்தைகளைப் படம் பிடிச்சு, எந்த வாரம் என்ன செய்யுதுன்னு பதிவு பண்ணினார். நம்ம நாட்டுல பரோடாவுல பிரமிளா பாட்டக் இந்தியக் குழந்தைகளுக்குன்னு தனி அளவுகோல் உருவாக்கினார். அதுல இருந்து 17 விஷயங்களை மட்டும் எடுத்து, திருவனந்தபுரத்துல எம்.கே.சி. நாயர் குழு 1991-ல 'திருவனந்தபுரம் வளர்ச்சிச் சோதனை அட்டவணை'யை வெளியிட்டது. பிறந்ததுல இருந்து ரெண்டு வயசு வரைக்கும்.

இது ஒரு அருமையான டிசைன். ஒவ்வொரு திறனுக்கும் ஒரு படுக்கைப் பட்டை. இடது முனையில நூத்துக்கு 3 பிள்ளைகள் அதைச் செய்திருக்கும். வலது முனைக்குள்ள 97 பிள்ளைகள். பிள்ளையோட வயசுக்கு நேரா ஒரு பென்சிலைச் செங்குத்தா வைக்கணும். பென்சிலுக்கு இடது பக்கமே முடிஞ்சு போன பட்டை எதையாவது பிள்ளை இன்னும் செய்யலைன்னா, டாக்டர்கிட்ட அனுப்பு. அவ்வளவுதான். ஒரு கிராம நர்சம்மா சில நிமிஷத்துல பார்த்துடலாம். அந்த 17-ல கை தட்டி விளையாடுறதும் ஒண்ணு. நம்ம சப்பாணி!

சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்புதாங்கறதும் அதுல ஒண்ணு. இதை 'தால்' பருவத்தோட வச்சுப் பார்க்கணும். தால்னா நாக்கு. தாலாட்டு கேட்டு பிள்ளை நாக்கை அசைச்சு சத்தம் போடுற பருவம், ஏழு எட்டு மாசம். காது கேக்காத பிள்ளையும் முதல் சில மாசம் 'ங்கா' சொல்லும், சிரிக்கும். அதனால வீட்டுல யாருக்கும் சந்தேகமே வராது. ஏழுல இருந்து பத்து மாசத்துக்குள்ள 'பப்பப்பா', 'தத்தத்தா'ன்னு அடுக்கு மழலை வரணும். கேக்காத பிள்ளைக்கு அது தள்ளிப் போகும், இல்ல வராமலே இருக்கும். எம்-சாட்டோட ரெண்டாவது கேள்வி ஞாபகம் வருது: பிள்ளைக்குக் காது கேக்கலையோன்னு எப்பவாவது நினைச்சிருக்கீங்களா?

மத்த அறிகுறிகளையும் சொல்லிடுறேன். மூணு மாசமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கல. அஞ்சு மாசமாகியும் தலை நிக்கல. ஒரு வயசாகியும் மழலையோ, கை காட்டுறதோ, டாட்டா சொல்றதோ இல்ல. 16 மாசமாகியும் ஒரு வார்த்தை கூட வரல. 18 மாசமாகியும் நடக்கல. முன்னாடி செய்ததை இப்போ விட்டுடுச்சு. கடைசியா சொன்னது எந்த வயசுன்னாலும் உடனே காட்டணும். குறைமாசப் பிள்ளைன்னா முன்னாடி பிறந்த வாரங்களைக் கழிச்சுக் கணக்குப் போடணும். தவழலையேன்னு மட்டும் பயப்பட வேண்டாம். தவழாமலே நடக்கிற பிள்ளைகளும் உண்டு. அமெரிக்காவோட சிடிசி 2022-ல தன் பட்டியல்ல இருந்து தவழ்றதையே எடுத்துடுச்சு. அதோட, பாதிப் பிள்ளைகள் செய்யுற வயசுக்குப் பதிலா நாலுல மூணு பேர் செய்யுற வயசைப் போட்டது. "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்"ங்கற பேச்சைக் குறைக்கத்தான்.

காதுக்குப் பார்க்கிறது பெரிய வேலை இல்ல. பிள்ளை தூங்கும்போது காதுல ஒரு சின்ன முனையை வச்சு ஓஏஇ சோதனை, சில நிமிஷம். சந்தேகம்னா பெரா சோதனை. ஒரு மாசத்துக்குள்ள முதல் சோதனை, மூணு மாசத்துக்குள்ள உறுதி, ஆறு மாசத்துக்குள்ள சிகிச்சைன்னு ஒரு உலகளாவிய கணக்கு இருக்கு. அத்தை மகன், தாய்மாமன் கல்யாணம் நிறைய நடக்கிற நம்ம பக்கம், பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு வாய்ப்பு கூடுதல். கடுமையான மஞ்சள் காமாலையும் காதைப் பாதிக்கும். 2013-ல தொடங்கின ஆர்பிஎஸ்கே திட்டத்துல பிள்ளைகளைச் சோதிச்சு, மாவட்ட அளவுல இருக்கிற டிஇஐசி மையத்துக்கு அனுப்புறாங்க. அங்க இலவசம்.

ஏன் இவ்வளவு அவசரம்? கேக்காத காதுக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் வைக்கும்போது, மூணரை வயசுக்குள்ள வச்சா மூளை சத்தத்தை நல்லாப் பழகிக்குது, ஏழு வயசுக்கு மேல அது ரொம்பக் கஷ்டம்னு அனு ஷர்மா செய்த ஆய்வுகள் காட்டுது. தமிழ்நாட்டுல முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துல இந்த ஆபரேஷன் ஆறு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைகளுக்குத்தான். குமரகுருபரர் மாதிரி அஞ்சு வயசு வரைக்கும் காத்திருந்தா, அரசாங்கக் கணக்குல மிச்சம் ஒரு வருஷம். மூளையோட கணக்குல அந்த மூணரை வயசு எப்பவோ தாண்டிப் போயிருக்கும்.