தகப்பன் பெயர் இல்லாதவனின் அருள்



மணிமேகலையில் வரும் ஆபுத்திரனை நமக்குத் தெரியும். தாய் சாலி பெற்றுப் போட்டுவிட்டுப் போன பிள்ளை. ஏழு நாள் ஒரு பசு பால் சுரந்து காப்பாற்றியது. வளர்ந்தவன், வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை இரவில் ஓட்டிக்கொண்டு போனான். பிடித்து அடித்தார்கள்; பிறப்பைச் சொல்லி இழித்தார்கள். வளர்த்த இளம்பூதியும் கைவிட்டான். பிச்சைப் பாத்திரத்தில் கல் விழுந்தது.

பலிக்குப் போகும் மாடு சீனத்துக் கதையிலும் உண்டு. புது மணிக்கு இரத்தம் பூச ஓட்டிச் சென்ற மாட்டின் நடுக்கத்தைக் கண்ட சுவான் மன்னன், அதை விட்டுவிட்டு ஆட்டைப் பிடிக்கச் சொன்னான். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கன்பூசிய மரபை வளர்த்த மென்சியஸ் அவனிடம் கேட்டார்: விலங்குவரை எட்டிய உன் இரக்கம் குடிமக்களை எட்டாதது ஏன்? (நம் பசுக் காவலர்களிடமும் கேட்கவேண்டிய கேள்விதான்.)

கன்பூசியத்தைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டால் எவர் நெஞ்சும் பதறும் என்றவரும் மென்சியஸ்தான். ஆனால் ‘ரென்’ என்னும் அவர்களது அன்புக்கு வேர் வீடு. பெற்றோர், உடன்பிறந்தார், அயலார் என்று வட்டம் வட்டமாக விரியும். விரிய விரிய அடர்த்தி குறையும். எல்லாரையும் ஒன்றுபோல நேசிக்கச் சொன்ன மோசியை, தகப்பனை மறுப்பவர் என்று மென்சியஸ் ஏசினார்.

ஆபுத்திரனுக்கு மறுக்கவும் தகப்பன் இல்லை. மதுரைக்குப் போய்ப் பிச்சையெடுத்து, பார்வையற்றோர், காது கேளாதோர், நடக்க இயலாதோர், நாதியற்றோர் எல்லாரையும் கூப்பிட்டு உண்ணவைத்து, மிச்சத்தைத் தின்றான். அமுதசுரபி அவன் கைக்குத்தான் வந்தது. உறவைக் கேட்காத பௌத்த அருள் அது.

வட்டமாக விரியும் அன்பு நம் மண்ணில் எங்கே நின்றுபோகிறது? ஊர் முடிந்து சேரி தொடங்கும் இடத்தில். கடலோரம் வாழும் உங்களுக்கு 2004 டிசம்பர் 26 மறக்காது. நாகப்பட்டினம் மாவட்டத்து நிவாரண முகாம்கள் சிலவற்றில் தலித்துகளைக் கூடத் தங்கவிடவில்லை. தண்ணீர்த் தொட்டியைத் தொடவிடவில்லை. அப்படிச் செய்தவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். பிள்ளைகளைக் கடலுக்குப் பறிகொடுத்து, தம்மவரைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள். எனக்கு அதுதான் அச்சம் தருகிறது.

அம்பேத்கர் கருணையோடு நிறுத்தவில்லை. ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில், மனிதர்மீதான கருணையைத் தாண்டி எல்லா உயிர்கள்மீதும் மைத்ரியை வைக்கிறார். கருணையில் கொடுக்கும் கை மேலே இருக்கும். மைத்ரியில் மேல் கீழ் கிடையாது. இது என் வாசிப்பு. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அவரோடு தம்மம் ஏற்ற லட்சக்கணக்கானோர், யாருடைய இரக்கத்தையும் கேட்டு அங்கே போகவில்லை.