மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் இசைக்கடைகளின் நலிவு: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர் மிகுதியாகக் கூடும் வணிகத் தெருக்களுக்குப் பொதுவான தோற்றம் ஒன்று இருந்தது. பூக்கடை, மளிகைக்கடை, துணிக்கடை, நகைக்கடை ஆகியவற்றின் வரிசையில் இசைக்கடையும் தவறாது இடம்பெற்றிருந்தது. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை, கோலாலம்பூரின் மஸ்ஜிட் இந்தியா சாலை, பிரிக்பீல்ட்ஸ், பினாங்கின் லெபோ பாசார், கிள்ளானின் தெங்கு கிளானா சாலை ஆகிய இடங்களில் கடைவாசல் ஒலிபெருக்கியிலிருந்து எழுந்த பாடலே தெருவின் அடையாளமாக விளங்கியது. இன்று அத்தகைய கடைகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன.

இந்நலிவுக்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம் எளிமையானது. பல கிளைகளைக் கொண்ட பெருங்கடைகள் முதலில் சிறுகடைகளை விழுங்கின. பின்னர் இணையம் பெருங்கடைகளை விழுங்கியது என்பதே அவ்விளக்கம். மேலைநாட்டு இசை வணிக வரலாற்றிலிருந்து பெறப்பட்ட இக்கருத்து நம் நாடுகளின் தமிழ் இசைக்கடைகளுக்கு எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதையும், அக்கடைகளோடு நாம் இழந்தது எது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இசைக்கடையின் தோற்றமும் பணியும்

தென்கிழக்காசியாவில் ஒலிப்பதிவு வணிகம் நூற்றாண்டு கடந்த வரலாற்றை உடையது. 1902ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஒலிப்பதிவுகளைத் தொடங்கிய கிராமபோன் நிறுவனத்தின் பதிவாளர் பிரெட் கைஸ்பர்க், 1903ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் பதிவுகளை மேற்கொண்டார். அக்காலத்தில் இசைத்தட்டு விற்பனை, இசைக்கருவி விற்பனையின் ஒரு பகுதியாகவே நிகழ்ந்தது. விற்பவரே எதைப் பதிவு செய்தால் மக்கள் வாங்குவர் என்பதை அறிந்திருந்தமையால், கடை என்பது விற்பனை நிலையமாக மட்டுமன்றிப் படைப்பின் ஊற்றாகவும் அமைந்தது. தமிழகத்தில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1930களின் தொடக்கத்தில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் இசைத்தட்டு விற்பனையகத்தின் வழியாகவே கலைத்துறைக்குள் நுழைந்தார் என்பது இதற்குத் தக்க சான்றாகும். ஏவி.எம். என்னும் திரைப்பட நிறுவனத்தின் வேர் ஓர் இசைக்கடையில் இருந்தது.

சிறுகடைகள் பெருகுவதற்கு வழிவகுத்தது ஒலிநாடா ஆகும். பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழை, 1970களின் பிற்பகுதியில் எளிய மக்களின் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. இளையராஜா 'அன்னக்கிளி' (1976) வாயிலாக அறிமுகமானதும் இக்காலத்திலேயே என்பது குறிப்பிடத்தக்கது. இசைத்தட்டைவிட ஒலிநாடா விலை குறைவானது, உடையாதது, சிறிய இடத்தில் அடுக்கத்தக்கது. ஆதலால் குறைந்த முதலீட்டில், கடைவீட்டின் ஐந்தடி ஒதுக்கில்கூட ஒருவர் கடை நடத்த இயன்றது. வட இந்திய ஒலிநாடாப் பண்பாட்டை ஆராய்ந்த பீட்டர் மனுவேல் தமது 1993ஆம் ஆண்டு நூலில், இத்தொழில்நுட்பம் இசைத்துறையைச் சில பெரிய நிறுவனங்களின் பிடியிலிருந்து விடுவித்து, வட்டார இசைக்கு இடமளித்ததை எடுத்துக்காட்டியுள்ளார். அம்முடிவு நம் நாடுகளுக்கும் பெரிதும் பொருந்துவதே. உறுமி மேளக் குழுக்களின் பதிவுகள், உள்ளூர்க் கலைஞரின் பக்திப்பாடல்கள், மேடைக் குழுக்களின் பாடல்கள் முதலியவை தைப்பூசக் காலத்திலும் தீபாவளிக் காலத்திலும் இக்கடைகளின் வழியாகவே மக்களைச் சென்றடைந்தன.

இவற்றோடு கடைக்காரரின் அறிவும் கருதத்தக்கது. படத்தின் பெயரோ பாடகரின் பெயரோ நினைவில்லாத ஒருவர் இரண்டடி முனகிக் காட்டினால், உரிய பேழையை எடுத்துத் தருபவராக அவர் இருந்தார். பட்டியல் எழுதிக் கொடுத்தால் விரும்பிய பாடல்களை வெற்று நாடாவில் பதிந்து கொடுக்கும் வழக்கமும் இருந்தது. சட்டநோக்கில் அது பதிப்புரிமை மீறலே ஆயினும், பழம்பாடல்கள் பல தலைமுறை கடந்து வாழ்ந்ததற்கு அவ்வழக்கமும் ஒரு காரணமாகும்.

பெருங்கடைகளின் எழுச்சியும் வீழ்ச்சியும்

1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சாக்ரமெண்டோ நகரில் தொடங்கப்பட்ட டவர் ரெக்கார்ட்ஸும், 1921ஆம் ஆண்டில் இலண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் முதற்கடையைத் திறந்த எச்.எம்.வி.யும் 1990களில் சிங்கப்பூருக்கு வந்தன. எச்.எம்.வி. 1997ஆம் ஆண்டில் ஆர்ச்சர்ட் சாலையின் ஹீரன் வளாகத்தில் பல தளங்களைக் கொண்ட கடையைத் திறந்தது. மொத்தக் கொள்முதலால் கிடைத்த விலைத்தள்ளுபடி, குளிரூட்டப்பட்ட கூடம், காதணி ஒலிப்பானில் கேட்டுப் பார்த்து வாங்கும் வசதி ஆகியன இப்பெருங்கடைகளின் வலிமையாயின. ஆங்கில இசைத்தட்டுகளை விற்றுவந்த சிறுகடைகள் இவற்றோடு போட்டியிட இயலாமல் தடுமாறின.

எனினும் இப்பெருங்கடைகள் தமிழ் இசைக்கடைகளின் வாடிக்கையாளரை ஈர்த்தன எனக் கூறுவதற்கில்லை. அங்கு இந்திய இசைக்கு ஒதுக்கப்பட்ட இடம் சிறிது. புதுப்படப் பாடல் வெளியான மறுநாளே வாங்க விரும்பியவர் சிராங்கூன் சாலைக்கே சென்றார். அவ்வட்டாரத்தின் பெரிய பல்பொருள் அங்காடியான முஸ்தபா சென்டர் இந்தியக் குறுந்தட்டுகளையும் விற்றது என்பது உண்மையே. ஆயினும் அது வட்டாரத்திற்கு மக்களைக் கொண்டுவந்த அங்காடியுமாகும்.

பெருங்கடைகளின் காலமும் நீடிக்கவில்லை. டவர் ரெக்கார்ட்ஸ் 2006ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவிலிருந்த தன் கடைகளை மூடியது. எச்.எம்.வி. 2015ஆம் ஆண்டில் சிங்கப்பூரை விட்டு வெளியேறியது. தமிழ் இசைக்கடைகளின் நலிவு இதற்கு முன்னரே தொடங்கிவிட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது.

நலிவுக்கான காரணங்கள்

தமிழ் இசைக்கடைகள் நலிந்தமைக்கு, ஏறத்தாழ ஒரே காலத்தில் இணைந்த மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, வாடகை. இக்கடைகள் பெரும்பாலும் பழைய கடைவீடுகளில் இயங்கின. மலேசியாவில் போருக்கு முற்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் 1997ஆம் ஆண்டில் நீக்கப்பட்டு, இடைக்கால ஏற்பாடுகள் 1999ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுற்றன. இதனால் பெரிதும் பாதிக்கப்பட்ட நகரம் ஜார்ஜ் டவுன் ஆகும். சிங்கப்பூரிலும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001ஆம் ஆண்டில் முற்றாக நீக்கப்பட்டது. குறைந்த வாடகையை நம்பிக் குறைந்த இலாபத்தில் நடந்த தொழில்களுக்கு இது பேரிடியாயிற்று.

இரண்டாவது, எம்பி3 வட்டு. ஐந்து நிமிடப் பாடல் ஒன்று இம்முறையில் ஏறத்தாழ ஐந்து மெகாபைட் அளவே கொள்ளும். ஆகவே 700 மெகாபைட் கொண்ட ஒரு வட்டில் 140 பாடல்களை அடக்கலாம். தமிழ்த் திரைப்படம் ஒன்றில் பொதுவாக ஐந்து அல்லது ஆறு பாடல்களே இடம்பெறுவதால், இருபத்தைந்து படங்களின் பாடல்கள் ஒரே வட்டுக்குள் அடங்கிவிட்டன. அதுவரை இரண்டு மூன்று படங்களின் பாடல்களை ஒரு குறுந்தட்டில் சேர்த்து விற்றதே கடைக்காரரின் உத்தியாக இருந்தது. ஆங்கில இசைக்கடையைவிடத் தமிழ் இசைக்கடையை இவ்வட்டு கடுமையாகத் தாக்கியதற்கு இக்கணக்கே காரணம். மலேசிய அரசு 2000ஆம் ஆண்டில் ஒளிவட்டுச் சட்டத்தை இயற்றி, 2003ஆம் ஆண்டு முதல் அசல் வட்டுகளுக்கு முத்திரை வில்லையைக் கட்டாயமாக்கியது. ஆயினும், இச்சட்டங்கள் வட்டைக் கட்டுப்படுத்த முனைந்த காலத்திலேயே பாடல் வட்டைவிட்டு வெளியேறத் தொடங்கியிருந்தது.

மூன்றாவது, இணையம். 1999ஆம் ஆண்டில் நாப்ஸ்டர் தோன்றியது. 2003இல் ஐடியூன்ஸ் கடை அமெரிக்காவில் திறக்கப்பட்டது. 2005இல் யூடியூப் வந்தது. 2011ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான 'கொலவெறி' பாடல் யூடியூப் வழியாகவே உலகெங்கும் பரவியது. ஒரு தமிழ்ப்பாடல் புகழ்பெறுவதற்கு இனிக் கடை தேவையில்லை என்பதை அந்நிகழ்வு உறுதிப்படுத்தியது எனலாம். 2013ஆம் ஆண்டில் ஸ்பாட்டிபை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சேவையைத் தொடங்கியபோது, பாடலை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கமே தளர்ந்துவிட்டது.

ஆக, பெருங்கடை சிறுகடையை வென்றது என்னும் வரலாறு இங்குப் பொருந்தவில்லை. இரண்டும் வெவ்வேறு வாடிக்கையாளருக்காக அருகருகே வாழ்ந்தன. இரண்டையும் வீழ்த்திய பொதுக்காரணம், பாடல் பொருள்வடிவத்தை இழந்தமையே ஆகும்.

இழப்பு யாது?

இன்றைய இணையச் சேவைகளில் முன்னெப்போதும் இல்லாத அளவிற்குப் பாடல்கள் கிடைக்கின்றன. அதனை மறுப்பது நேர்மையாகாது. தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர் ஒரு பழம்பாடலுக்காகப் பட்டணத்திற்குப் பேருந்தேறிய நிலை இன்று இல்லை. எனினும் உரிமையாளர் பதிவேற்றியவையே பெரும்பாலும் இச்சேவைகளில் கிடைக்கும். சில நூறு படிகளே வெளியிட்டு மறைந்த உள்ளூர்க் குழுக்களின் பதிவுகளுக்கு உரிமை கோருவார் பெரும்பாலும் இலர். யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' (2006) போன்று தமிழகம் வரை புகழெய்திய மலேசிய இசைத்தொகுப்புகள் தப்பிப்பிழைக்கும். அதற்கு முன்பும் பின்பும் வெளிவந்த எண்ணற்ற சிறு வெளியீடுகளின் நிலை அத்தகையதன்று. அவற்றின் விற்பனை நிலையமாகவும் காப்பகமாகவும் ஒருங்கே இருந்தவை அந்தச் சிறுகடைகளே.

தமிழாசிரியர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய மற்றொன்றும் உண்டு. இசைத்தட்டு உறையிலும் ஒலிநாடா அட்டையிலும் பாடலாசிரியர் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. பல வெளியீடுகளில் அது தமிழ் எழுத்திலேயே இருந்தது. இன்றைய கைப்பேசித் திரையில் தமிழ்ப்பாடலின் தலைப்புகூடப் பெரும்பாலும் உரோமன் எழுத்தில்தான் தோன்றுகிறது. பாடலைக் கேட்கும் மாணவர் அதை எழுதியவரை அறியாமலேயே கடந்து செல்கிறார்.

முடிவுரை

கடைகளை மீட்பது இனி இயலாது. ஆனால், அவற்றின் எச்சங்களைக் காப்பது இன்னும் இயலும். மலேசியாவின் 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் வைப்புச் சட்டம் ஒலிப்பதிவுகளையும் உள்ளடக்கியது. சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியத்தின் துணையோடு நடைபெற்ற தமிழ் மின்மரபுத் திட்டம், இலக்கியத்தில் தொடங்கி நாடகம், நடனம், இசை ஆகியவற்றிற்கும் விரிந்தது. இவ்விரண்டும் நல்ல அடித்தளங்கள். இவற்றின்மேல் பல்கலைக்கழகத் துறைகளும் பள்ளிகளும் செய்யத்தக்க பணிகள் இரண்டு உள்ளன. வீடுகளில் கிடக்கும் உள்ளூர்ப் பதிவுகளை உறையோடும் அட்டையோடும் திரட்டிப் பட்டியலிடுதல் ஒன்று. கடை நடத்தியவர்களின் நினைவுகளை வாய்மொழி வரலாறாகப் பதிவு செய்தல் மற்றொன்று.

ஒலிநாடா ஈரப்பதத்தில் பூஞ்சை பிடித்து அழியக்கூடியது. நம் நாடுகளின் தட்பவெப்பம் அதற்கு உகந்ததன்று. 1970களின் இறுதியில் இளைஞராகக் கடை திறந்தவர் இன்று முதியவர். ஆதலின் இரண்டாவது பணியை முதலில் தொடங்குவதே பொருத்தமுடையது. ஒரு மாணவர், ஓர் ஒலிப்பதிவுக் கருவி, ஒரு பிற்பகல் ஆகியவை இருந்தால் அதற்குப் போதும்.