முழு நெஞ்சத்து அன்பு: ஒரு கட்டளையின் வரலாறு

அன்பு தானே சுரப்பது. கட்டளையிட்டுப் பெறத்தக்கதன்று என்பது பொதுவான கருத்து. ஆயினும் யூத சமயத்தின் தலையாய கட்டளை அன்பையே விதிக்கின்றது. நெஞ்சு, உயிர், வலிமை ஆகிய மூன்றையும் எஞ்சாது இறையன்பிற்கே உரியனவாக்குமாறு உபாகம நூல் மக்களைப் பணிக்கின்றது. 'ஷெமா' என வழங்கும் இப்பகுதியை யூதர் நாடோறும் காலையும் மாலையும் ஓதுவர்.

கி.மு. 622ஆம் ஆண்டளவில் எருசலேம் ஆலயத்திலே சட்டநூலொன்று கண்டெடுக்கப்பட்டதெனவும், அதன் வழியே யோசியா மன்னன் சமயச் சீர்திருத்தஞ் செய்தானெனவும் விவிலியம் கூறும். அந்நூல் உபாகமத்தின் மூலப்பகுதியே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. அதற்கு ஐம்பதாண்டு முன்னர், கி.மு. 672இல், அசீரியப் பேரரசன் எசரத்தோன் தன் மகன் அசூர்பானிபாலின் பொருட்டுச் சிற்றரசரிடம் சூளுறவு பெற்றான். 1955இல் நிம்ருத்தில் அகப்பட்ட களிமண் ஏடுகள், இளவரசனைத் தம்மைப்போல நேசிக்குமாறு அவர்களைப் பணிக்கின்றன. உபாகமம் விதிக்கும் அன்பும் இத்தகைய உடன்படிக்கைப் பற்றுறுதியே என வில்லியம் மோரன் என்னும் அறிஞர் 1963இல் விளக்கினார். அன்பு கட்டளைக்குரியதாயினமைக்குக் காரணம் இதுவே.

எனினும் இரண்டும் ஒன்றல்ல. பேரரசன் பெற்றது அச்சத்தால் விளைந்த பணிவு. உபாகமத்திலோ இறைவனே முந்தி அன்பு செய்தவன். அந்நூல் ஒவ்வோர் இல்லத்தாரையும் விளித்து, பிள்ளைகளுக்கும் இதனைப் போதிக்குமாறு கூறுகின்றது. பேரரசுகளிடையே நெருக்குண்ட சிறிய இனமொன்று தன் முழுப்பற்றும் மன்னர்க்கன்றி இறைவனுக்கே உரியதெனத் துணிந்தமை எளிய செயலன்று.

இத்துணிவின் விலையை றபி அகிபாவின் வரலாறு காட்டும். ஏறத்தாழ கி.பி. 135இல் உரோமர் அவரைக் கொன்றபொழுது, சித்திரவதையினிடையே அவர் ஷெமாவை ஓதினாரென யூத மரபு கூறும். முழு உயிரால் நேசித்தலாவது, உயிரையே பறிப்பினும் நேசித்தல் என அவர் பொருள் கொண்டார்.

இதற்கு ஒரு நூற்றாண்டு முன்னர் இயேசு, தலையாய கட்டளை யாதென வினவப்பட்டபோது ஷெமாவையே எடுத்துரைத்தார்; அயலாரைத் தன்னைப்போல நேசிக்குமாறு விதிக்கும் லேவியராகமக் கட்டளையையும் அதனோடு சேர்த்தார். வினவிய வேதபாரகர் அதனை ஏற்று, பலிகளினும் இவ்வன்பே மேலானதென்றாரென மாற்கு எழுதிய சுவிசேஷம் கூறும். இவ்விடத்து இரு சமயத்தாரும் ஒருமித்து நிற்கின்றனர்.

வரலாறோ அவ்வொருமையைக் காக்கவில்லை. 1096இல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டத்தார் றைன் நதிக்கரை நகர்களிலே யூதரைக் கொன்று குவித்தனர். மடிந்தோர் ஷெமாவை உச்சரித்தவாறே மடிந்தனரென எபிரேய வரலாற்றேடுகள் பகரும். கொன்றோர் தம் வேதத்திலும் அக்கட்டளையே தலையாயது. ஐம்பதாண்டின் பின், இரண்டாஞ் சிலுவைப் போரைத் தூண்டிய கிளேர்வோ மடத்துப் பேர்னார்ட், யூதர்மீது கைவைத்தலாகாதென நேரிற் சென்று தடுத்தார். இறையன்பின் நான்கு படிகளை விளக்கி நூல் செய்தவரும் அவரே.

இறைவன்மீது கொண்ட அன்பை எவரும் அளந்து காணவியலாது. அயலானுக்குச் செய்தது கண்கூடு. இரண்டாங் கட்டளை முதலாவதன் உரைகல்லாதல் இதனாலேயாம். பற்றுறுதி அன்பாக முதிர்ந்ததா, வெறியாகத் திரிந்ததா என்பதை ஒவ்வொரு காலத்திலும் அவ்வுரைகல்லே காட்டிநின்றது.